பதினைந்தாவது ஆள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். போடிநாயக்கனூரில், மலைமேல் மெட்டுக்குப் போகும் சாலையை ஒட்டி என் வீடு. காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஜீப்புகள் விடியற்காலையில் என் வாசல் வழியாகத்தான் மலை ஏறும்.

நான் பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், எப்போது கிளம்பியது என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகியும் பழக்கம் விடவில்லை. என் வீட்டு மாடிப்படி பதினெட்டு. வாசலிலிருந்து பால் பூத் இருநூற்றுப் பத்து எட்டு. படுக்கும் முன் கேஸ் அடுப்பின் திருகை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். இரண்டு தடவை போதாது. மனைவி போய் ஆறு வருடம். மகள் வடக்கே வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சராசரியாக நான்கு நிமிடம். பேச ஆளில்லாத வீட்டில் எண்ணிக்கொண்டிருப்பது ஒரு பேச்சுத்துணை.

அப்படித்தான் ஜீப்புகளையும் எண்ண ஆரம்பித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொள்வேன். ஜீப் வரும் நேரம், உள்ளே இருக்கும் ஆள்கள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. இருந்தாலும் எழுதுவேன்.

என் வீட்டு மதிலுக்கு வெளியே ஒரு குழாய் உண்டு. எங்கள் பக்கத்தில் ஏறும் பெண்கள் அதில்தான் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மா தினமும் முதலில் வருவார். ஒல்லியான தேகம், தலையில் துண்டு, காலில் நீல ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வார் அறுந்து செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் பிடித்துக்கொண்டே, "மணி என்னாச்சுண்ணே?" என்பார்.

"அஞ்சு பத்தொம்பது."

"அம்புட்டுத்தானா? நான் வெரசா வந்துட்டேன்போல."

இவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் இதேதான். ஆனால் முப்பத்தொரு வருடம் ஊருக்கே நேரம் சொன்னவனிடம் இன்னும் நேரம் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். சில நாள் முந்தின இரவிலிருந்து மறுநாள் காலை வரை என் வாயிலிருந்து வருகிற முதல் சொல்லே அந்த "அஞ்சு பத்தொம்பது"தான்.

அவர் போகும் ஜீப் ஐந்து இருபத்தைந்துக்கு வரும். இரண்டு பக்கப் பலகையிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இந்த அம்மாவுக்குப் பலகையில் இடம் கிடையாது. இரண்டு வரிசைக்கும் நடுவே, பின்பக்கம் தரையில் சாக்கைப் போட்டு, மற்றவர்களின் முழங்கால்களுக்கு இடையில் உட்காருவார். வண்டி வேகமெடுத்தால் வெளியிலிருந்து அவர் தெரியவே மாட்டார். நான் ஏறும்போதே எண்ணிவிடுவதால் என் நோட்டில் ஓட்டுநரை விட்டுச் சரியாகப் பதினைந்து இருக்கும். அந்த வண்டிக்கு அனுமதி ஓட்டுநரோடு சேர்த்துப் பத்துப் பேர்.

ஒரு நாள் ஜீப் கிளம்பிப் பத்தடி போயிருக்காது. குறுக்கே ஒரு கன்றுக்குட்டி வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்து, உடனே விட்டு எடுத்தார். அந்தக் குலுக்கலில் தரையில் இருந்த அம்மா சாக்கோடு வழுக்கிப் பாதி உடம்பு வெளியே வந்துவிட்டார். இரண்டு பெண்கள் கையையும் ரவிக்கையையும் பிடித்து உள்ளே இழுத்தார்கள். செம்புக் கம்பி போட்ட செருப்பு மட்டும் சாலையில் விழுந்தது. ஜீப் நிற்காமல் போய்விட்டது.

நான் அந்தச் செருப்பை எடுத்துவந்து மதில் மேல் வைத்தேன். எங்கள் சாலைக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. சமதரையிலேயே இப்படி என்றால் அங்கே என்ன ஆகும்?

மறுநாள் செருப்பை வாங்கிக்கொண்டு அவர் சிரித்தார். "ஒத்தக் காலு செருப்போட மலை ஏறிட்டு வந்தேண்ணே. அட்டைப்பூச்சி எல்லாம் அந்தக் காலைத்தேன் தேடி வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக ஓட்டுநரிடம் போனேன். "ஏம்ப்பா, பதினஞ்சு பேரை ஏத்திக்கிட்டுப் போறியே, நியாயமா?"

"பதினாலு சார்."

"நான் எண்ணினேன். பதினஞ்சு."

"தூக்குவாளிய எண்ணிப் பாருங்க சார். பதினாலுதேன்" என்று கம்பியில் தொங்கிய சோற்று வாளிகளைக் காட்டினார். எண்ணினேன். பதினாலுதான் இருந்தன. தலைகளை எண்ணாமல் வாளிகளை எண்ணுகிற புத்தி எங்கிருந்து வந்தது? என் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். பெண்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை.

அன்று பகலிலேயே உட்கார்ந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். ஒன்பது வருடத்தில் அது என் இருபத்து மூன்றாவது மனு. தெருவிளக்கு, சாக்கடை, நாய்கள் என்று முந்தைய இருபத்திரண்டுக்கும் ரசீது மட்டும்தான் வந்திருக்கிறது. இந்த முறை நாற்பது நாள் கணக்கை நோட்டிலிருந்து எடுத்து, தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் கட்டம் போட்டு எழுதினேன். "ஓட்டுநர் ஓர் ஆளைக் குறைத்துக் காட்டுகிறார்" என்று ஒரு வரியும் சேர்த்து, அதற்கு அடிக்கோடும் போட்டேன்.

பத்தொன்பது நாளில் பதில் வந்துவிட்டது. மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டதாக, என் பெயர் போட்டு, முத்திரையோடு. அதற்கு முன்பே நான் வித்தியாசத்தைக் கவனித்திருந்தேன். மலையடிவாரத்தில் தினமும் சோதனை. ஜீப்புகளில் ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது. எழுதும்போதே மனசு நிறைந்தது. கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒரு தடவை வாய்விட்டே படித்தேன். கேட்பதற்குச் சுவர்க் கடிகாரம் இருந்தது. மகளுக்குப் போன் செய்தேன். "நல்லதுப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாள். சரி, நாளைக்கு அந்த அம்மாவிடம் காட்டுவோம், அவருக்காகத்தானே எழுதினோம் என்று கடிதத்தை நோட்டுக்குள் வைத்தேன்.

அவர் வரவில்லை. உண்மையில், கடிதம் வருவதற்கு ஆறு நாள் முன்பிருந்தே அவர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் நடந்திருந்தது. மற்ற பெண்களும் என் குழாய்க்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப்புற டீக்கடை ஓரமாக நின்று அங்கிருந்தே ஏறிக்கொண்டார்கள். தண்ணீரைக் கடையிலேயே கேட்டு வாங்கினார்கள். கூட்டம் குறைந்ததால் இடம் மாற்றிவிட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவர் வராத பன்னிரண்டாவது நாள் பொறுக்க முடியாமல் சாலையைக் கடந்தேன். அந்த அம்மாவோடு எப்போதும் ஒன்றாக வரும் ஓர் உயரமான பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"ஏம்மா, உன்கூட வருவாங்களே பெரியம்மா, காணோமே?"

"ஆத்தாவா? இனிமே வரமாட்டாக."

"உடம்புக்கு எதுவும்..."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார். ஒக்கார எடந்தேன் இல்ல" என்றவள், ஜீப் வந்ததும் ஏறிவிட்டாள். வீடு எங்கே என்று கேட்டதற்கு, "கம்மாக்கரைத் தெரு" என்று உள்ளே இருந்தே சொன்னாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து பதினொரு நிமிட நடைதான். இத்தனை வருடத்தில் அதற்குள் நான் ஒரு தடவையும் போனதில்லை. முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தோடு இருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"எந்த அம்மா?"

"ஜீப்புல வேலைக்குப் போறவங்க."

அவள் சிரித்தாள். "இந்தத் தெருவுல யாரு ஜீப்புல போகல? பேரச் சொல்லுங்க."

எனக்குப் பெயர் தெரியாது. இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தார் என்று நோட்டில் இருக்கிறது. பெயர் இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்பதாவது வாசலில் செம்புக் கம்பி போட்ட நீலச் செருப்பு கிடந்தது.

அவர் உள்ளே ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். காய் எடுத்துப் பழகிய விரல்கள். பார்க்கும் முன்பே கல் வெளியே வந்து விழுந்தது. என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். "அண்ணே! நீங்க எங்கிட்டு இங்க?"

அந்த உயரமான பெண்ணுக்குப் பக்கத்து வீடு. வேலைக்குப் போய்த் திரும்பியவள், சத்தம் கேட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

உட்கார ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்ட அந்த அம்மா, கொஞ்சம் தயங்கி, "தண்ணி குடிப்பீங்களாண்ணே?" என்றார். 'தண்ணி கொண்டாரவா' என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். என் குழாய் ஏன் மதிலுக்கு வெளியே இருக்கிறது என்பதும், இரண்டு வருடத்தில் அவரை ஒரு நாள்கூட கேட்டுக்கு உள்ளே வரச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குடும்மா" என்று வாங்கி முழுச் செம்பையும் குடித்தேன். தாகம் இல்லை.

பிறகு கேட்டேன். அவர் எளிதாகச் சொன்னார். முந்தின வருடமே எஸ்டேட்டில் அவரை நிறுத்திவிட்டார்களாம். கை வேகம் போதாது, சறுக்கலில் நிற்க முடியவில்லை என்று மேற்பார்வையாளர் பெயரை அடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்தான் விடாமல் கூட்டிப் போனாள். எடுக்கும் காயை எடை போட்டுக் கூலி. அதனால் இவர் எடுப்பதையும் அவள் பையிலேயே போட்டு, அவள் பெயரில் எடை போட்டு, இருவரும் பிரித்துக்கொள்வார்கள். எஸ்டேட் கணக்கில் இப்படி ஓர் ஆளே கிடையாது.

"அப்ப ஜீப்புக்கு?"

"ஜீப்புக்காரருக்கு எஸ்டேட்டுல ஆள் கணக்குக்குத்தேன் வாடகை. அங்க போனதும் வாளிய எண்ணி ஆள் கணக்கு எழுதுவாக. நான் வாளி கொண்டு போக மாட்டேன். இவ வாளியிலதேன் ரெண்டு பேரும் திம்போம். வாளி இல்லாதவ ஆளு இல்லண்ணே. பாவம், அந்த டிரைவர் பய கண்டும் காணாம இருந்துக்குவான். மத்த புள்ளைகளும் காலை ஒடுக்கி எடம் விடுவாளுக."

ஓட்டுநர் சொன்னது பொய்தான். ஆனால் அது என்னை ஏமாற்றச் சொன்ன பொய் இல்லை, இந்த அம்மாவுக்காகச் சொன்னது. அதற்குத்தான் நான் அடிக்கோடு போட்டிருந்தேன்.

"பென்ஷனுக்கு எழுதிப் போடலாமே?" என்றேன். மனு எழுதுகிறவனின் புத்தி அவ்வளவுதான் போகும்.

"போட்டேண்ணே. மகன் இருக்கான்னு தள்ளிட்டாக. அவன் திருப்பூருல இருக்கான். கார்டுல மட்டும் எங்கூட இருக்கான்."

இதற்கு மேல் மறைத்து வைக்க முடியவில்லை. "அந்த மனுவை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

வாசலில் நின்றவள் சட்டென்று சொன்னாள்: "அது தெரியாமயா சார் ஒங்க கொழாய்ப் பக்கம் வராம இருக்கோம்? மணி, நிமிசம் எல்லாம் போட்டு இந்த ஊருல வேற யாரு எழுதுவா? பதினாலு பேரு போன வண்டியில இப்ப ஒம்பது பேருதேன் போறோம். மிச்சம் அஞ்சு வீட்டுலயும் போயிச் சொல்லிட்டு வாங்க, ஒங்களுக்கு நல்லதுதேன் பண்ணேன்னு."

"சும்மா இரு புள்ள" என்றார் அந்த அம்மா.

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நான் கண்ணால பார்த்தேன்மா. அன்னைக்கு நீங்க வெளியே வந்துட்டீங்க."

"வந்தேந்தேன். பயமாத்தேன் இருந்துச்சு" என்றார். "நீங்க எண்ணுனதுல தப்பு ஒண்ணுமில்லண்ணே. எஸ்டேட்டுலயும் என்னைய எண்ணல. ஜீப்புலயும் எண்ணல. நீங்க ஒருத்தருதேன் என்னையும் ஒரு ஆளுன்னு எண்ணியிருக்கீக. அதுலதேன் வேலை போச்சு."

குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார். நோட்டுக்குள் இருந்த கடிதத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது உயரமான பெண் தெருமுனை வரை கூடவே வந்தாள். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. "அடிக்கடி இங்க வந்துறாதீக சார். ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆத்தாளத்தேன் நாலு வாய் பேசும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அன்றிரவு கேஸ் திருகை எத்தனை தடவை தொட்டேன் என்று நினைவில்லை.

மறுநாள் இருபத்து நான்காவது மனுவை எழுதினேன். மலைக்குப் போகும் முதல் பஸ் எஸ்டேட்டில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் பிறகுதான் போய்ச் சேருகிறது. அதை ஒன்றரை மணி நேரம் முன்னால் விட்டால் பெண்கள் உட்கார்ந்தே போகலாம், ஜீப்பில் நெருக்கவேண்டாம். எந்த வண்டியை எங்கே மாற்றினால் இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். நேர அட்டவணையே போட்டு அனுப்பினேன். ரசீது வந்தது. எஸ்டேட் இருப்பது எல்லைக்கு அந்தப்பக்கம், இரண்டு மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பழைய சக ஊழியர் ஒருவர் போனில் சொன்னார். தடுப்பதற்கு எழுதியது பத்தொன்பது நாளில் நடந்தது. கொடுப்பதற்கு எழுதியதற்கு இன்று வரை ரசீதுதான்.

கார்த்திகையில் சோதனை தளர்ந்தது. ஜீப்பில் பதினொன்று, பிறகு பன்னிரண்டு. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது: கூட்டம் ஏறக்கூடாது என்று எழுதியவன், தினமும் அந்த எண் கூடுகிறதா என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கூடினால் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு கூடவே அந்தப் பதினேழு வளைவும் ஞாபகத்துக்கு வரும். வண்டி திரும்பி வரும் மாலை வரை சாலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மார்கழி பிறந்தபோது பதினாலு ஆகிவிட்டது. பதினைந்து ஆகவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை, நல்ல பனி. குழாய்ப் பக்கம் சத்தம்.

"மணி என்னாச்சுண்ணே?"

"அஞ்சு இருபத்தொண்ணு" என்றேன்.

கையில் துணிப்பை. மகன் கூப்பிட்டுவிட்டானாம். மருமகள் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "எனக்கும் இங்க சோலி இல்ல. அங்க ஒத்த ரூம்புதேன். கதவச் சாத்துனா விடிஞ்சதே தெரியாதாம். பாப்பம்."

கேட்டைத் திறந்தேன். "உள்ளே வாங்கம்மா. காபி போடறேன்."

"பஸ்சு போயிருமேண்ணே."

"உங்க பஸ் ஆறு இருபதுக்கு. பஸ் நிலையத்துக்குப் பதினாலு நிமிஷம். நாற்பத்தஞ்சு நிமிஷம் கையில இருக்கு" என்றேன். என் தொழில் எனக்குப் பயன்பட்டது அன்று ஒரு நாள்தான்.

அவர் செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து, முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு பேர் இருக்கும்போது எவ்வளவு பால் ஊற்றவேண்டும் என்று எனக்கு மறந்து போயிருந்தது. அதிகம் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இதுலயா பாப்பீக?" என்று கேட்டார். போகும்போது, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. என் நோட்டில், வெறும் எண்களாகவே இருந்த பக்கங்களுக்கு நடுவில், அந்தத் தேதிக்கு நேராக எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் யாரும் மணி கேட்பதும் இல்லை. உயரமான பெண் மட்டும் இப்போது குழாய்க்கு வருகிறாள். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நான் இன்னும் ஐந்து மணிக்கு நாற்காலியைப் போட்டு ஜீப்புகளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எண்ணி முடித்ததும் நோட்டில் எழுதிவிடாமல் எழுந்து போய், பெண்கள் சிரித்தாலும் பரவாயில்லை என்று, முழங்கால்களுக்கு நடுவே தரையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.